எஸ்தர் கொடுத்த பென் டிரைவ்

ஜூன் 2, திங்கள்

பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம். எஸ்தர் பொற்கொடியின் ஆய்வேட்டைப் படித்த புறத்தேர்வாளர், சென்னையில் இருக்கும் ருக்மாங்கதன் என்பவர், பட்டத்துக்குப் பரிந்துரைத்துவிட்டுக் கூடவே ஒரு கொக்கியும் போட்டிருக்கிறார். எண்பத்தெட்டாம் பக்கத்தில் சொல்லப்படும் நோயாளிகளின் கடிதங்கள் பின்னிணைப்பில் இல்லையாம். பதினைந்து நாளுக்குள் அவற்றைச் சேர்த்து அனுப்பினால்தான் வாய்மொழித் தேர்வாம். இந்தக் காலத்தில் தேர்வாளர்கள் எண்பத்தெட்டாம் பக்கம் வரை போகிறார்கள் என்பதே எனக்குச் செய்தி. வேலை இல்லாதவராக இருக்கும்.

எஸ்தர், வள்ளியூர்ப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வரலாறு நடத்துகிற நாற்பத்திரண்டு வயது டீச்சர். கல்லூரியில் நான் துறைத்தலைவராக இருந்தபோது பகுதிநேர ஆய்வாளராக என்னிடம் சேர்ந்தாள். நான் ஓய்வுபெற்று இரண்டு வருடமாகிறது. இவளுக்கு மட்டும் இன்னும் நெறியாளனாக நீடிக்கிறேன், காலில் ஒட்டிய தார் மாதிரி. தலைப்பு: நூறு வருடத்துக்கு முன் ஒரு தொழுநோய் மருத்துவமனையில் இருந்தவர்கள் எழுதிய கடிதங்கள். நான் மராமத்து வரலாறு எடுக்கச் சொன்னேன். கேட்கவில்லை.

மதியம் போன் செய்தாள். அந்தக் கடிதங்களின் பிரதி அவளிடம் இல்லையாம். வீட்டில் வெள்ளம் புகுந்தபோது லேப்டாப் போய்விட்டதாம். மூலக் கடிதங்கள் இருந்த மருத்துவமனை அறையும் அதே வெள்ளத்தில் போயிற்றாம்.

“உங்ககிட்ட ஒரு பென் டிரைவ் குடுத்திருந்தேன்லா சார், அதுல மட்டுந்தான் இருக்கு” என்றாள்.

இருக்கிறது என்றேன். என்னிடம் கொடுத்த எதுவும் தொலைந்ததில்லை.

ஜூன் 3, செவ்வாய்

பென் டிரைவ் மேசையின் மூன்றாவது இழுப்பறையில், அவள் கொடுத்த உறைக்குள்ளேயே கிடைத்தது. உறையின் வாயில் அடித்திருந்த ஸ்டேப்ளர் பின்கள் துருவேறி, பிடுங்கும்போது ஒன்று கட்டைவிரலில் ஏறிவிட்டது. உள்ளே நாலாக மடித்த தாள் ஒன்றும் இருந்தது. ‘தங்கள் மேலான பார்வைக்கு’ வகையறாவாகத்தான் இருக்கும். குப்பைக்கூடையில் போட்டேன். சற்று நேரத்தில் குப்பை வண்டி வந்து அள்ளிக்கொண்டு போய்விட்டது.

மகன் பெங்களூரிலிருந்து அனுப்பிய புதுக் கம்ப்யூட்டரின் முன்பக்கத்தில் சொருகினேன். ஒன்றும் நடக்கவில்லை. பிடுங்கித் திருப்பிச் சொருகினேன். துடைத்தேன், ஊதினேன். பத்து வருடம் உழைத்த என் பழைய கம்ப்யூட்டரில் இந்தத் தொந்தரவெல்லாம் கிடையாது. அதில் சொருகியதெல்லாம் திறந்தது. அதைப் போய்ப் பழைய இரும்புக்குப் போட்டேன்.

சேவை மையத்துக்குப் போன் செய்தேன். ஒரு பெண் இருபது நிமிடம் வீணை வாசிக்கவிட்டு, பிறகு, “ஒருமுறை ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க சார்” என்றாள். இதைச் சொல்ல ஒரு மையம், அதற்கு ஒரு பெயர், சேவை.

ஜூன் 4, புதன்

ரீஸ்டார்ட் செய்தேன். மூன்று முறை.

ஜூன் 5, வியாழன்

முன்பக்கத் துளைகளுக்கு உள்ளே இணைப்பே கொடுக்கவில்லை என்று தெரிந்தது. பொருத்திய மகானுபாவன் யாரோ! அலங்காரத்துக்கு வைத்திருக்கிறான், கோயில் சுவரில் வரைந்த பொய்ச் சன்னல் மாதிரி. தரையில் உட்கார்ந்து, பின்பக்கத்துத் துளையைத் தடவிக் கண்டுபிடித்துச் சொருகினேன். ‘டிங்’ என்று ஒரு சத்தம். எழுந்து பார்த்தால் திரையில் எதுவும் இல்லை. வந்தவனை வாசலில் நிறுத்தி மணியடித்துவிட்டு, யாரும் வரவில்லை என்று சொல்கிற வேலைக்காரன்.

உலகம்மாள், என் மனைவி, தன் பக்திப் பாட்டு பென் டிரைவைக் கொண்டுவந்து, “இதப் போட்டுப் பாருங்க” என்றாள். போட்டேன். உடனே திறந்தது. இருநூறு பாட்டு.

“அப்ப கம்ப்யூட்டர்ல கொற இல்ல” என்றாள்.

கண்டுபிடிப்புக்கு நன்றி சொன்னேன். எஸ்தரின் பென் டிரைவ் மட்டமான சரக்கு என்பது தெளிவாகிவிட்டது.

ஜூன் 6, வெள்ளி

யூடியூபில் ஒரு வடக்கத்தியான். முகத்தில் பாதிக்கு மேல் தாடி, பேச்சில் முக்கால்வாசி ‘ப்ரெண்ட்ஸ்’. ஆனாலும் அவன் சொன்னபடி செய்ததில், கம்ப்யூட்டருக்குள் வட்டுகளின் பட்டியல் ஒன்று திறந்தது. அதில் பென் டிரைவ் இருக்கிறது! முப்பத்திரண்டு ஜி.பி., நல்ல நிலையில் இருக்கிறது என்றே போட்டிருக்கிறது. அதற்கு அடையாளமாக ஓர் எழுத்து இல்லை, அதனால்தான் வெளியே தெரியவில்லை. எழுத்தில்லாதவனை யார் மதிப்பார்கள்? ‘எஃப்’ என்று கொடுத்தேன்.

கொடுத்தவுடன் நடுத்திரையில் ஒரு கட்டம்: இதைப் பயன்படுத்தவேண்டும் என்றால் பார்மட் செய்யவேண்டும். செய்யவா?

“செய்யின்னு குடுத்துராதிய. உள்ள இருக்குறது பூராத்தையும் அழிச்சிரும்” என்றாள் பின்னால் நின்ற உலகம்மாள்.

எனக்குத் தெரியாதா என்றேன். தெரியாது. வேண்டாம் என்று அமுக்கினேன்.

எஸ்தர் மறுபடியும் போன். புதுக் கம்ப்யூட்டரில் கோளாறு, பழையதில் நன்றாகத் திறந்தது என்றேன். “சரிங்க சார்” என்றாள். இவளுக்கு இரண்டே வார்த்தைதான். நாலு வருடமாக அதையே சொல்கிறாள்.

ஜூன் 9, திங்கள்

மார்க்கெட் மாடியில் தளவாய் என்று ஒருவர் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறார். அறுபதை நெருங்குகிற ஆள். முன்பு டிரான்சிஸ்டர் பார்த்தவராம். நெற்றி நிறையத் திருநீறு. கடையெங்கும் குடல் சரிந்த பெட்டிகள். இங்கே கொடுத்ததற்கு இழுப்பறையிலேயே வைத்திருக்கலாம் என்று நினைத்தேன்.

அவர் சொருகினார், பார்த்தார், சிரித்தார்.

“சார், இது கெட்டெல்லாம் போகல. லினக்ஸ்ல பார்மட் பண்ணுனது. கவர்மெண்ட்டுல பிள்ளையளுக்குச் சும்மா லேப்டாப் குடுத்தாவள்லா, அதுல விண்டோஸும் இருக்கும், லினக்ஸும் இருக்கும். அந்த மாதிரி ஒண்ணுலதான் இதச் செஞ்சிருக்காவ. அந்தப் பாஷ விண்டோஸுக்குத் தெரியாது. அதான் ‘பார்மட் பண்ணு, பார்மட் பண்ணு’ங்குது.”

“என் பழைய கம்ப்யூட்டரில் திறந்ததே” என்றேன்.

“அது என்ன சார், லினக்ஸா?”

“விண்டோஸ்தான்.”

“தொறந்திருக்காதே.”

“திறந்தது.”

தளவாய் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். “பழசோ புதுசோ, தானாத் தொறக்காது சார். முதநாளே இதே கேள்விதான் கேட்டிருக்கும்.”

பென் டிரைவைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். படி இறங்கும்போது, “பார்மட் மட்டும் குடுத்துராதிய சார்” என்று கத்தினார். கடைத்தெரு முழுக்கக் கேட்டிருக்கும்.

தளவாய் ஒரு முட்டாள்.

ஜூன் 10, செவ்வாய்

காலை பத்து மணி. உலகம்மாள் கோயிலுக்குப் போயிருந்தாள். பென் டிரைவைச் சொருகினேன். கட்டம் வந்தது. பார்மட் செய்யவா?

நிதானமாக யோசித்தேன். பொருள் பழையது. மின்சாரம் ஏறி இறங்குவது எல்லோருக்கும் தெரிந்தது. ‘தொழில்நுட்பக் கோளாறு காரணமாகத் தரவுகளை மீட்க இயலவில்லை’ என்று நெறியாளர் ஒரு வரி எழுதிக் கையெழுத்திட்டால், பல்கலைக்கழகம் ஏற்றுக்கொள்ளும். ருக்மாங்கதனும் அடங்குவார். எஸ்தருக்குப் பட்டம் கிடைத்துவிடும். அவளுக்கு வேண்டியது அதுதானே? சம்பளத்தில் ஒரு படி கூடும். கடிதங்களை வைத்து யார் என்ன செய்யப்போகிறார்கள்? பின்னிணைப்பு வெறும் சுமை, எடுத்துவிடு என்று அன்றே சொன்னவன் நான். இன்று அழிந்தால் என் கருத்து நிறைவேறியதாகத்தான் அர்த்தம். வேறு எதையும் மறைக்கவேண்டிய தேவை எனக்கில்லை.

அந்த ஒரு வரியை எழுதிவிட்டேன். நல்ல வரி. திரையில் அம்புக்குறியை ‘சரி’ மேல் கொண்டுபோய் வைத்தேன்.

உலகம்மாள் எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. கையில் உதிரிப்பூப் பொட்டலம். மேசையில் கிடந்த தாளைப் படித்துக்கொண்டு நின்றாள்.

“இத நீங்க தொறந்தே பாக்கல, அப்படித்தான?”

“பால் பொங்குது, போய்ப் பார்” என்றேன்.

“நான் இன்னும் அடுப்பே பத்தவைக்கல” என்றாள்.

நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து பூவைத் தொடுக்க ஆரம்பித்தாள். இப்படி ஒரு பெண் பக்கத்தில் உட்கார்ந்து பூத் தொடுத்தால் மனிதன் என்ன வேலை செய்யமுடியும்?

கம்ப்யூட்டரை நிறுத்தினேன். பென் டிரைவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். தாளைக் கிழித்தது நான்தான், அவள் இல்லை.

ஜூன் 11, புதன்

மறுபடியும் தளவாய். நேற்றைக்கு முந்தைய நாள் நடந்ததை அவர் மறந்தது போல் நடந்துகொண்டார். நடிப்பு. மூலையிலிருந்த ஒரு அழுக்குப் பெட்டியைத் தட்டி எழுப்பினார். அதில் லினக்ஸ் வைத்திருக்கிறார். சொருகியதும் கேள்வி கேட்காமல் திறந்தது. மூன்று நிமிட வேலை. நான் ஒன்பது நாள் தரையில் உருண்டிருக்கிறேன்.

உள்ளே ஆய்வேட்டின் முதல் வரைவு. பக்கத்தில் ‘கடிதங்கள்’ என்று ஒரு கோப்புறை, அதில் இருநூற்றுப் பதினான்கு கோப்புகள். சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்கத் தளவாய் ஒன்றைத் திறந்தார். வேறு பென் டிரைவுக்கு நகல் போட ஆரம்பித்துவிட்டு, திறந்ததைப் படித்துக்கொண்டே இருந்தார். நகல் முடிந்து வெகுநேரம் ஆகியும் நிமிரவில்லை.

“இதெல்லாம் யாரு சார்?” என்றார்.

“நோயாளிகள்” என்றேன்.

“அனுப்புனது வீட்டுக்குப் போய்ச் சேரவே இல்லயா?”

எனக்கு எப்படித் தெரியும்? அவசரமாகப் போகவேண்டும் என்றேன்.

ஜூன் 12, வியாழன்

காலை ஆறரைக்கு ஆரம்பித்தேன். அனுப்புமுன் ஒருமுறை சரிபார்ப்பது நெறியாளரின் கடமை.

ஒரு கடிதத்திலும் எழுதியவரின் பெயர் இல்லை. மருத்துவமனையின் விதியாம், தபால்காரனுக்குத் தெரிந்தால் குடும்பத்துக்கு அவமானம் என்று நோயாளிகளின் நம்பர் மட்டும் போட்டிருக்கிறார்கள். ‘அண்ணனுக்கு நாற்பத்தேழாம் நம்பர் எழுதிக்கொண்டது.’ இப்படித்தான் தொடங்குகின்றன.

ஒவ்வொன்றின் அடியிலும் எஸ்தர் ஒரே குறிப்பைத் தட்டச்சு செய்திருக்கிறாள். ‘வாங்க மறுத்துத் திருப்பப்பட்டது என்று முத்திரை. உறை பிரிக்கப்படவில்லை. நிர்வாகத்தின் அனுமதியுடன் என்னால் பிரிக்கப்பட்டது.’ பிறகு தேதி. எல்லாம் சனிக்கிழமைகள், மே மாத விடுமுறை நாட்கள். இருநூற்றுப் பதினான்கு உறைகள். தொண்ணூறு வருடம் ஒட்டியபடியே கிடந்தவற்றை வள்ளியூரிலிருந்து பஸ் ஏறி வந்து ஒருத்தி பிரித்திருக்கிறாள்.

நூற்றுப் பன்னிரண்டாம் நம்பர் ஒரு பெண். மாமியாருக்கு எழுதுகிறாள். ‘பிள்ளைக்குப் பல் முளைத்ததா? மேல் பல்லா, கீழ்ப் பல்லா? மேல் பல் முதலில் வந்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்பார்கள், அதனால் கேட்கிறேன்.’ அதற்கடுத்த கடிதம் ஆறு வருடம் கழித்து. ‘பிள்ளைக்குப் பல் விழ ஆரம்பித்திருக்கும். விழுந்த பல்லைச் சாணியில் பொதிந்து கூரைமேல் எறியச் சொல்லுங்கள்.’ நடுவில் ஒன்றும் இல்லை. அடுத்தும் ஒன்றும் இல்லை.

எண்பதாம் நம்பர், தன் தம்பிக்கு: ‘என் மகள் கலியாணத்துக்கு நான் வரவில்லை என்றே எல்லாரிடமும் சொல். எதிர்ப்புறம் புளியமரத்தடியில் கூண்டு வண்டி ஒன்று நிற்கும். படுதா போட்டிருக்கும். யார் வண்டி என்று கேட்டால் தெரியாது என்று சொல். தாலி கட்டுகிற நேரத்தில் மேளத்தைக் கொஞ்சம் உரக்க வாசிக்கச் சொல், அது போதும்.’ தம்பி இதையும் பிரிக்கவில்லை. வண்டி போயிற்றா என்று தெரியவில்லை.

பதினாறாம் நம்பர் எனக்குப் பிடித்த ஆள். எட்டுக் கடிதம், எட்டிலும் வசவு. கஞ்சி ஊற்றுகிறவன் கழுதை, கம்பவுண்டர் களவாணி, பக்கத்துக் கட்டில்காரன் பாடுவது பன்றி உறுமுவது. எட்டாவதில் பக்கத்துக் கட்டில் காலியாகிவிடுகிறது. ‘இப்போது சத்தமே இல்லை’ என்று ஒரு வரி எழுதி நிறுத்திவிட்டார்.

உலகம்மாள் இரண்டு முறை சாப்பிடக் கூப்பிட்டாள்.

எழுத்துப்பிழை பதினொன்று இருந்தது. குறித்துவைத்தேன்.

ஜூன் 14, சனி

எஸ்தர் மதிய பஸ்ஸில் வந்தார். குடையை இறுக்கமாக மடக்கி வாசலில் சாய்த்துவிட்டு, செருப்பை ஓரமாக வைத்தார். உலகம்மாள் மோர் கொடுத்தாள். அச்செடுத்து அடுக்கிவைத்திருந்த பின்னிணைப்பை நான் கொடுத்தேன். முதல் பக்கத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டார்.

“எல்லாம் வந்திருக்கா சார்?”

“இருநூற்றுப் பதினான்கும்.”

“லினக்ஸ் இருக்குற கம்ப்யூட்டர் எங்க சார் கிடைச்சுது?”

அந்த வார்த்தையை அவராகவே சொன்னதில் எனக்குக் கோபம் வந்தது. “லினக்ஸ் என்று முன்பே சொல்லியிருக்கலாமே!” என்றேன்.

“உறைக்குள்ள ஒரு தாள் வச்சிருந்தேனே சார். எப்படித் தொறக்கணும்னு அதுல எழுதியிருந்தேன். வெள்ளத்துல போச்சே, என் தங்கச்சியோட இலவச லேப்டாப்பு, அதுல அடிச்சது. விண்டோஸ் பக்கம் அடிக்கடி நின்னுபோகும், அதான் லினக்ஸ்ல அடிச்சேன்.”

உலகம்மாள் எழுந்து உள்ளே போனாள். போகாமல் இருந்திருக்கலாம்.

“நான் இதைப் படிக்கவில்லை” என்றேன். “நேற்று முன்தினம்தான் படித்தேன்.”

“தெரியும் சார்.”

“எப்போதிலிருந்து?”

“குடுத்து ரெண்டு மாசம் கழிச்சு போன் பண்ணுனேன். கடிதம் எழுதுனவங்க பேர அகரவரிசைல போடணும்னு சொன்னீங்க. ஒரு கடிதத்துலயும் பேரே கிடையாது.”

“ஏன் கேட்கவில்லை?”

“கேட்டா என்ன சார் செய்வீங்க? வேற நெறியாளரப் பாத்துக்கோன்னுவீங்க. அப்புறம் முதல்ல இருந்து பதியணும். எனக்கு உங்க கையெழுத்துதான் சார் வேணும். படிப்பீங்கன்னு நான் எதிர்பாக்கல.”

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்தால் பதில் சொல்லியிருப்பேன். பஸ் நேரத்தைச் சொல்கிற மாதிரி சொன்னார்.

“மூணாம் அத்தியாயத்த மூணு வாட்டி எழுதச் சொன்னீங்கள்லா, அதான் கொஞ்சம் கஷ்டமாப் போச்சு. அப்ப எங்க அம்மைக்கு முடியாம ஆஸ்பத்திரில இருந்தோம். மூணாவது வாட்டி எழுத நேரமில்ல. முதல்ல எழுதுனதயே அச்செடுத்துக் குடுத்தேன். ‘இப்பதான் சரியா வந்திருக்கு’ன்னீங்க.”

மோர் டம்ளரைக் கழுவ எழுந்தார். உலகம்மாள் உள்ளிருந்து ஓடிவந்து வாங்கிக்கொண்டாள். எழுத்துப்பிழைப் பட்டியலை நீட்டினேன். பார்த்தார். பதினொன்றில் எட்டு பிழையில்லையாம், நோயாளிகள் எழுதியதே அப்படித்தானாம், திருத்தக்கூடாதாம். மூன்றை மட்டும் பேனாவால் சரிசெய்து, “தேங்க்ஸ் சார்” என்றார்.

அவருடைய அம்மை இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

“அந்த வருசமே இறந்துட்டாங்க சார்” என்றார்.

ஜூன் 16, திங்கள்

பின்னிணைப்பு பல்கலைக்கழகத்துக்குப் போயிற்று. நெறியாளர் கையெழுத்து இட்டேன்.

ஜூலை 18, வெள்ளி

கல்லூரியின் சிறிய அரங்கில் வாய்மொழித் தேர்வு. என் இடத்துக்கு வந்திருக்கிற புதுத் துறைத்தலைவர் கோட்டு போட்டிருந்தார், ஜூலை மாத நெல்லையில். நாற்பது பேர் இருந்தார்கள். அவர்களில் முப்பத்தைந்து பேர் மதியச் சாப்பாட்டுக்கு வந்தவர்கள்.

எஸ்தர் நாற்பது நிமிடம் பேசினார். தாளைப் பார்க்கவில்லை. நூற்றுப் பன்னிரண்டாம் நம்பரின் இரண்டு கடிதங்களையும் மனப்பாடமாகச் சொன்னார். பின்வரிசையில் செல்போன் பார்த்துக்கொண்டிருந்த கூட்டம்கூடத் தலைதூக்கியது. ருக்மாங்கதன் கேட்ட கேள்விகள் நல்ல கேள்விகள் என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். எல்லாவற்றுக்கும் எஸ்தரிடம் பதில் இருந்தது. முதல் முறையாக அவர் ‘சரிங்க சார்’ என்று சொல்லவே இல்லை.

முடிவில் ருக்மாங்கதன் எழுந்து பட்டத்துக்குப் பரிந்துரைப்பதாக அறிவித்தார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். “இந்தக் கடிதங்களின் மூலம் இன்று உலகத்தில் இல்லை. இந்த நகல் மட்டும்தான் இருக்கிறது. இதைப் பத்திரமாகப் பாதுகாத்து, மீட்டு, வரிக்கு வரி சரிபார்த்துக் கொடுத்த நெறியாளரை இந்த அவை பாராட்டவேண்டும்” என்றார்.

எழுந்தேன். நன்றி சொல்லி உட்காரத்தான் எழுந்தேன்.

“இந்தப் பின்னிணைப்பை எடுத்துவிடச் சொன்னவன் நான். இது மூன்று வருடத்துக்கு மேல் என் மேசையில் கிடந்தது. நான் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. ஆய்வேட்டையும் படிக்காமல்தான் கையெழுத்துப் போட்டேன்” என்றேன்.

முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அரங்கு முழுவதும் சிரித்தது. ருக்மாங்கதன் கையெடுத்துக் கும்பிட்டு, “பாருங்கள், இந்தத் தலைமுறையின் தன்னடக்கத்தை!” என்றார். கோட்டுக்காரர் எழுந்து நின்று கைதட்டினார். அவரைப் பார்த்து மற்றவர்களும் எழுந்தார்கள். நாற்பது படித்த மனிதர்கள். இவர்களுக்கு உண்மையை எடுத்து உள்ளங்கையில் வைத்தாலும் பிரசாதம் என்று வாயில் போட்டுக்கொள்வார்கள்.

“இல்லை, நான் சொல்வது...” என்றேன். கைதட்டல் இன்னும் பெரிதாயிற்று.

எஸ்தர் ஒருவர்தான் தட்டவில்லை, சிரிக்கவுமில்லை. மேடையிலிருந்து ஒரு படி இறங்கி என் பக்கம் குனிந்தார்.

“உக்காருங்க சார்” என்றார் மெதுவாக. “யாரும் நம்பமாட்டாங்க.”

உட்கார்ந்தேன். இன்னும் தட்டிக்கொண்டிருந்தார்கள்.